காலணாக் குறளும் ஒரு கிராமத்தின் கணக்கும்

(குன்றக்குடி அடிகளாரின் நூற்றாண்டையொட்டி ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அடிகளாரின் பட்டங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். என் பாரம் குறைந்தது. நான் ஒரு காலணாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இளைஞர்களுக்குக் காலணா தெரிந்திருக்காது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா. ஆக, ஒரு ரூபாய்க்கு 64 காலணா. சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நாட்கள் அவை. அரங்கநாதன் என்று ஒரு சின்னப் பையன் அவர் வீட்டுக்குத் தினமும் வருவான். ஒரு குறளைத் தப்பில்லாமல் ஒப்பித்தால் கையில் காலணா விழும். மறுநாள் இன்னொரு குறள், இன்னொரு காலணா. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1330 குறளுக்கும் கொடுத்திருந்தால்கூடப் பேராசிரியருக்கு மொத்தச் செலவு 20 ரூபாய் பன்னிரண்டரை அணா. தமிழ்நாட்டில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய முதலீட்டை வேறு யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பையன் பிறந்தது 1925 ஜூலை 11, மயிலாடுதுறைப் பக்கம் நடுத்திட்டு என்ற சிற்றூரில். வளர்ந்து, தருமபுரம் ஆதீனத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே துறவு வாங்கிக் கந்தசாமித் தம்பிரான் ஆனார். பிறகு குன்றக்குடிக்கு வந்தார். 1952இல் அந்த ஆதீனத்தின் 45ஆவது குருமகாசன்னிதானமாக, அதாவது மடத்தின் தலைவராக, பொறுப்பேற்றபோது 27 வயதுகூட நிறையவில்லை. தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரிய சுவாமிகள் என்று மடத்து மரபில் நீளமான பெயர். ஊர் அவரை ‘அடிகளார்’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது.

ஒரு மடாதிபதியிடம் அந்தக் காலத்தில் ஊர் எதிர்பார்த்தது என்ன? பூசை தவறக் கூடாது, குத்தகை நெல் வந்து சேர வேண்டும், கோயில் திருப்பணி நடக்க வேண்டும், வருகிறவர்களுக்குத் திருநீறு கொடுக்க வேண்டும். இவற்றைச் செய்துவிட்டு மடத்துக்குள்ளேயே இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் படியிறங்கி மேடைக்கு வந்தார். அருள்நெறித் திருக்கூட்டம் என்று அமைப்பு கண்டு ஊர் ஊராகப் பேசினார். தமிழில் வழிபாடு வேண்டும் என்றார், தீண்டாமை சமயத்துக்கே இழுக்கு என்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் காவியோடு கலந்துகொண்டார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். கடவுள் இல்லை என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரியாரோடு கொள்கையில் மோதினார், நட்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்றைக்கு எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலே விளக்கம் கேட்கிறார்கள். அது இருக்கட்டும்.

பட்டிமன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. ‘பட்டிமண்டபம்’ மணிமேகலையிலேயே இருக்கிற சொல்தான். காப்பியத்துக்குள் கிடந்த அதைத் திருவிழாப் பந்தலுக்குக் கொண்டுவந்து சனங்களின் சொத்தாக்கியவர்களில் முன்வரிசைக்காரர் அடிகளார். நான் காரைக்குடியில் பள்ளிக்கூடம் படித்தவன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கம்பன் விழாவுக்குப் போவேன். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. பேச்சில் பாதி புரியாது, சுண்டல் பொட்டலம் மட்டும் நன்றாகப் புரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு அணியும் பேசி முடிக்கிற வரை பக்கத்தில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நடுவராக இருந்த அடிகளார் தீர்ப்புக்கு வாயெடுத்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னவோ அவர் வீட்டுப் பாகப்பிரிவினைக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிற மாதிரி.

அப்பா வீடு திரும்பும்போது சொல்வார், “தோற்ற கட்சிக்காரனும் சிரிச்சுக்கிட்டே எறங்குறான் பாத்தியாடா.” நான் பார்த்திருக்கவில்லை. அதன் பிறகு பார்க்க ஆரம்பித்தேன்.

இப்படிப் பேசிப் பேர் வாங்கிய ஒருவர் அதோடு நின்றிருந்தால் இன்று நான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றிருக்க மாட்டேன். நல்ல பேச்சாளர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருந்தார்கள். நான் சொல்ல வந்தது, மேடை ஏறிக் கால் நூற்றாண்டு ஆன பிறகு, 1977இல், இந்த மனிதர் தன் வீட்டு வாசலில் இருக்கிற ஊரை எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதைத்தான்.

குன்றக்குடி எப்படிப்பட்ட ஊர்? மயில் உருவத்தில் மலை, மேலே சண்முகநாதர், பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டம். மருதுபாண்டியர் திருப்பணி செய்த கோயில். பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் காவடி இறங்கினதும் ஊர் பழையபடி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் பிழைப்புத் தேடி வெளியூர்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் ‘சிக்ரி’ என்போம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம். நாடறிந்த விஞ்ஞானிகள் அதற்குள் இருந்தார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமத்தானுக்கோ அது ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை அடிகளார் ஊருக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். மடத்தில் உட்காரவைத்தார். எதிரே ஊர்க்காரர்கள்.

கிராமத் திட்டம் என்றால் முதல் வேலை என்ன தெரியுமா? கொடியேற்றுவது இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது. எத்தனை தலைக்கட்டு, யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை, எந்த வீட்டில் வேலையில்லாத பிள்ளை இருக்கிறான், அவன் கை என்ன வேலைக்குப் பழகும், ஊரில் என்ன விளைகிறது, எது வீணாகப் போகிறது. கேட்க ரொம்பச் சாதாரணம். உங்கள் தெருவுக்கு இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள், மூன்றாவது வீட்டிலேயே திணறிப்போவீர்கள். வேலை இல்லை என்று யாரும் வாசலில் நின்று சொல்ல மாட்டார்கள். ‘சும்மா இருக்கான்’ என்பார்கள், ‘முயற்சி பண்ணிக்கிட்டிருக்கான்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறதை எழுத வேண்டும்.

கணக்கு கைக்கு வந்த பிறகு விஞ்ஞானி சொல்வார், இந்த மண்ணுக்கு இது வரும், இந்தச் சரக்கை இங்கேயே செய்யலாம் என்று. செய்ய ஆளுக்குப் பயிற்சி வேண்டும். முதல் போட வங்கிக்கடன் வேண்டும். செய்ததை வாங்கச் சந்தை வேண்டும். கூட்டுறவு வேண்டும். இதில் எதைப் பேசினாலும் கைதட்டல் வராது. மானியம், பங்குத்தொகை, தவணை என்று அரைமணி நேரம் பேசினால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள். பந்தலைக் கட்டிப்போட்ட அதே வாய் இந்தச் சொற்களைப் பழகிக்கொண்டது. பிறகு இந்திரா காந்தி அந்த வேலையைப் பாராட்டினார். ‘குன்றக்குடி மாதிரி’ என்று திட்டக்குழுவின் காதுவரை பெயர் போனது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக ஒரு சைவ மடாதிபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழக அரசின் முதல் திருவள்ளுவர் விருதும் 1986இல் அவருக்குத்தான். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது காலணாதான்.

இப்போது கைப்பேசியைத் திறந்தால் தன்னம்பிக்கைப் பேச்சு கொட்டுகிறது. ‘உன்னால் முடியும், எழுந்திரு, ஓடு.’ நான் கேலி செய்யவில்லை. துவண்டு கிடக்கிறவனுக்கு ஒரு நல்ல சொல் மருந்துதான், நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. ஓடியும் முடியவில்லை என்றால், நீ சரியாக ஓடவில்லை என்று பழி கேட்டவன் தலையில் விழுந்துவிடும். பேசியவர் அதற்குள் அடுத்த ஊருக்கு ரயில் ஏறியிருப்பார். வறுமையைத் தலைவிதி என்று ஒப்புக்கொள்ளாத அடிகளார், அதைச் சோம்பேறித்தனம் என்றும் ஒதுக்கவில்லை. முடியும் என்று சொன்னவர், எதை வைத்து முடியும் என்கிற கேள்விக்கும் மடத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்து பதில் தேடினார்.

மண்டைக்காட்டையும் சொல்லிவிடுகிறேன். 1982 மார்ச்சில், கன்னியாகுமரி மாவட்டத்தில், மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைவிழாவின்போது இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மூண்ட மோதல் கடற்கரைக் கிராமங்களுக்கெல்லாம் பரவியது. உயிர்கள் போயின. அடிகளார் அங்கே போனார். யோசித்துப் பாருங்கள், எரிந்த குடிசைக்கு முன்னால் நிற்கிற ஒரு மீனவப் பெண்ணின் கண்ணுக்குக் காவித் துணி எப்படித் தெரிந்திருக்கும்? அந்த இடத்தில் எதுகை மோனை எடுபடுமா? இரண்டு பக்கத்தாரிடமும் போய், அவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு, சமாதானத்துக்கு வழி பார்த்தார். பேச்சாளர் ஒருவருக்கு அதைவிடக் கடினமான மேடை அமையாது.

1995 ஏப்ரல் 15 அன்று மறைந்தார். மடத்தின் தலைவராக ஏறத்தாழ 43 ஆண்டு.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நானும் பார்த்துவிட்டேன். ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. பின்வரிசையிலிருந்து ஒரு நோட்டு வருகிறது, நாற்பது பக்க நோட்டு. உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்துவிட்டு ‘சும்மா இருக்கிற’ பிள்ளைகள் யாராவது இருந்தால், வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு, என்ன படித்திருக்கிறார்கள், என்ன வேலை கைக்கு வரும் என்று எழுதுங்கள். இன்றைக்கே எழுத வேண்டுமென்பதில்லை, நோட்டு நூலகரிடம்தான் இருக்கும். பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து அவிழ்க்காதீர்கள்.

வணக்கம்.