காதுக்குச் சொன்னதைக் கண்ணுக்கும் கொடுங்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மூன்று மாதம் அலைந்து இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த வட்டச் செயலாளர் அவர்களே, வெளிநாட்டுக் கொள்கையை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வரும் பேராசிரியர் அம்மா அவர்களே, கேட்கும்போதெல்லாம் கூடத்தைத் திறந்துவிடும் நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பேராசிரியர் அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். உடம்பு சரியில்லாத நிலையிலும் வந்திருக்கிறார்கள்.

கொள்கை அறிஞர்கள் இப்போது பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலிபரப்பு வழியாக நம் காதுக்கே வந்து பேசுகிறார்கள். அவர்கள் பொருளாதாரத்தை எப்படிப் பேசுகிறார்கள், அரசியலை எப்படிப் பேசுகிறார்கள், வெளியுறவை எப்படிப் பேசுகிறார்கள் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்." இதை இன்று அடிக்கடி சொல்வேன்.

முதலில் பொருளாதாரம். 1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துச் சுழலவிடுகிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் கொடுக்க முடிவதில்லை என்று வீட்டுப் பெரியவர் மாதிரி எடுத்துச் சொன்னார். மறுநாளே வங்கிகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. பணத்தை எடுத்துப் போனவர்களே திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். குரலுக்கு அவ்வளவு வலிமை. அதனால்தான் குரலுக்குப் பொறுப்பும் வேண்டும் என்கிறேன்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் நாங்கள் ஆறேழு பேர் ஒரு அறையில் கூடி, மேசை நடுவில் கைப்பேசியை வைத்து, ஏதாவது ஒரு பொருளாதார விவாதத்தைக் கேட்போம். அன்றைக்குப் பேசியவர் நல்ல படிப்பாளி. பேச்சோடு பேச்சாக, "அரசின் நிதிப் பற்றாக்குறை ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், அறை இரண்டாகப் பிரிந்தது. முன்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதமாக இருந்தது இப்போது 5 ஆகிவிட்டது என்று ஒரு கட்சி. இல்லை, 6-இல் ஒரு சதவீதம்தான் குறைந்தது, அதாவது 5.94 என்று இன்னொரு கட்சி. முதலாவது பெரிய சாதனை. இரண்டாவது ஒன்றுமே இல்லை. வங்கியில் வேலை பார்த்தவர் ஒருவர் "சதவீதம் வேறு, சதவீதப் புள்ளி வேறு, 6 என்பது 5 ஆனால் அது ஒரு சதவீதப் புள்ளி" என்று மேசையைத் தட்டுகிறார். சரி, திரும்பக் கேட்போம் என்று கைப்பேசியில் விரலை வைத்துப் பின்னால் இழுத்தால், ஒருமுறை விளம்பரத்தில் போய் நிற்கிறது, ஒருமுறை தொடக்க இசையில் நிற்கிறது. விரலைக் கொஞ்சம் அசைத்தால் நாலு நிமிடம் தாண்டிவிடுகிறது. அரை மணி நேரம் இதே வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்கிறோம், யாரோ இருமினார், அந்த வார்த்தை போயிற்று, மறுபடியும் இழுத்தோம்.

அப்போது எங்கள் கூட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தை மேசையில் நகர்த்தினார். அவருக்குக் காது கேட்காது. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாராவாரம் உட்கார்ந்திருப்பார். காகிதத்தில் பென்சிலால், "என்ன சொன்னார்? எனக்கும் சொல்லுங்கள்" என்று இருந்தது. ஆளுக்கொரு பதில் எழுதினோம். ஒன்றும் ஒன்றோடு ஒத்துப்போகவில்லை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, அடியில் ஒரு வரி எழுதினார்: "அவர் பேசியதை அவர்களே எழுதிக் கொடுத்தால் என்ன?"

இதைத்தான் நான் இரண்டு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஒலிபரப்போடும் முழு எழுத்துப் பிரதி வேண்டும். காதால் கேட்பதும் பொய் என்றார்கள் முன்னோர். தீர விசாரிக்க வேண்டுமானால் கையில் எழுத்து இருக்க வேண்டாமா? உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள் சுமார் 43 கோடிப் பேர். பற்றாக்குறையும் வட்டியும் போரும் அவர்களையும்தானே பாதிக்கின்றன? மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று 2008-இல் வந்த இணைய அணுகல் நெறிமுறையே, பதிவு செய்த ஒலிக்கு இணையான எழுத்து வேண்டும் என்பதை முதல்படி விதியாகவே வைத்திருக்கிறது. செய்ய முடியாத காரியமும் இல்லை. 1948-இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தொடங்கிவைத்த பிபிசி வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை இன்றும் எழுத்தாகப் படிக்கலாம். நியூயார்க்கில் 1921 முதல் இயங்கும் வெளியுறவு மன்றம் தன் உரையாடல்கள் பலவற்றை எழுத்திலும் வெளியிடுகிறது.

பேச்சை எழுத்தாக்க இப்போது கருவி வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கருவி தடுமாறுவது பெயரிலும் எண்ணிலும்தான். கொள்கைப் பேச்சில் மீதி என்ன இருக்கிறது? ஆகவே பேசியவரே ஒருமுறை படித்துத் திருத்தித் தர வேண்டும். அப்படித் திருத்தும்போது, "ஒரு சதவீதமா, ஒரு சதவீதப் புள்ளியா" என்று அவருக்கே உறைக்கும்.

அரசியலைப் பற்றியும் வெளியுறவைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்னும் வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் ஒரு விதி வைத்தார்கள்: அங்கே கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று வெளியிடக் கூடாது. ஒலிபரப்பில் பேசுகிறவரோ பெயரையும் குரலையும் பகிரங்கமாகவே தருகிறார், அதற்கு மேல் எழுத்தைத் தருவதில் என்ன தயக்கம்? தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்றதைப் பேராசிரியர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வாசல் மேசையில் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம். நாம் வழக்கமாகக் கேட்கும் ஒலிபரப்புக் குழுக்களுக்கு அனுப்பப் போகிறோம். முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது. பென்சிலில் போட்டிருந்தார், பேனாவில் போடச் சொல்லி வாங்கியிருக்கிறோம். காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பதைத்தான் மனுவின் முதல் வரியாக வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.