கிராமத்துப் பெரியவர்களுக்கு டிமென்ஷியா குறைவா?

வணக்கம். டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் மறதி நோய், டவுன்காரர்களுக்கு வருவது, காடு கழனியில் உழைத்த உடம்புக்கு வராது என்று இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். அது தவறு, அதனால் கஷ்டப்படுவது நம் பாட்டி தாத்தாக்கள்தான்.

[திரையில்: வேலூர் மாவட்ட வரைபடம்]

2008இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏழு நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதித்தார்கள்; இந்தியாவில் சென்னையையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள். டி.எஸ்.எம். 4 என்ற அமெரிக்க மருத்துவ விதிப்படி பார்த்தபோது இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். ஆனால் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்தும்படி உருவாக்கிய 10/66 என்ற முறையில் அதே ஆட்களைக் கணக்கிட்டபோது, ஆய்வு நடந்த எந்த ஊரிலும் அது 5.6 சதவீதத்துக்குக் கீழே இல்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்த அமெரிக்க விதிப்படி, மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும், அது பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள் சொன்னால்தான் தெரியும். நம் வீடுகளில் மருமகள் சோறு போட்டுக் கொடுக்கிறார், பணம் காசை மகன் பார்த்துக்கொள்கிறார், பாட்டியிடம் யாரும் எந்த வேலையும் எதிர்பார்ப்பதில்லை, அப்புறம் தடுமாற்றம் எப்படி வெளியே தெரியும்? தெரிந்தாலும் "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

[திரையில்: 8.4 / 5.3]

2023இல் வெளியான லாசி-டாட் என்ற இந்திய முதியோர் டிமென்ஷியா ஆய்வு நாடு முழுவதையும் பார்த்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் கிராமத்தில் 8.4 சதவீதம், நகரத்தில் 5.3. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். பெண்களில் 9 சதவீதம், ஆண்களில் 5.8. சின்ன வயதில் படிப்பு கிடைக்காமல் போவது டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது தெரிந்த விஷயம். பள்ளி வாசலையே மிதிக்காத ஒரு தலைமுறைப் பெண்கள் அதன் விலையை எழுபது வயதில் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? வைத்தியம் இல்லாத நோய்தானே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இவற்றாலும் இதே மாதிரி மறதி வரும், அதைச் சரிசெய்ய முடியும். பிரஷரும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். காது கேட்கவில்லை என்றால் கருவி வாங்கிக் கொடுங்கள், காது மந்தமும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வருபவரிடம், "கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாங்க, பழகின தெருவிலேயே வழி தெரியலை" என்று வெளிப்படையாகச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அன்றைக்கே கேளுங்கள்.