சத்தத்தை அமுக்கிட்டுப் பாருங்க

("பழைய தமிழ்ப் படங்கள் நம் நெஞ்சில் நிற்பது வசனத்தாலா? காட்சியாலா?" என்ற பட்டிமன்றத்தில், 'காட்சியாலே' என்ற அணிக்காகப் பேசியது)

நடுவர் அவர்களுக்கும், பனியில உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எதிரணி அண்ணன் பராசக்தி நீதிமன்ற வசனத்தை மூச்சு விடாமச் சொன்னாரு. நானும் கை தட்டினேன். 1952 தீபாவளிக்கு வந்த படம், கலைஞர் எழுதி சிவாஜி பேசினது. அதைக் குறைச்சுப் பேச எனக்கு வாய் வராது. ஆனா போற போக்குல அண்ணன் ஒண்ணு சொன்னாரு பாருங்க. "வீட்டுக்குப் போயி ரிமோட்டை எடுத்து சத்தத்தை அமுக்கிட்டுப் படம் பாருங்க. பத்து நிமிஷம் உட்கார முடிஞ்சா நான் கட்சி மாறி அந்தப் பக்கம் வந்துடறேன்"னு. சபையே சிரிச்சுது. நான் சிரிக்கலை. சிரிக்க முடியலை. ஏன்னா, ஆயுசுல பாதிக்கு மேல சத்தத்தை அமுக்கிட்டே படம் பார்த்த ஒருத்தி மடியில வளர்ந்தவ நான்.

எங்க அப்பத்தாவுக்கு நாற்பது வயசுலயே காது போயிருச்சு. ஏதோ காய்ச்சல்னு சொல்லுவாங்க. மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். ஆனா டெண்ட் கொட்டகையில படம் மாத்தினா முதல் ஆளா மணலைக் குமிச்சு, முந்தானையை விரிச்சு, என்னை மடியில போட்டு உட்கார்ந்துடுவா. "காதே கேக்காது, இவளுக்கு எதுக்குடி தரை டிக்கெட்டு"ன்னு கேலி பண்ணுவாங்க. அந்தக் கேலியும் அவ காதுல விழாது.

ஒருநாள் தில்லானா மோகனாம்பாள். 1968-ல வந்த படம், எங்க கொட்டகைக்கு வந்து சேர வருஷம் பல ஆச்சு. எனக்கு ஏழு வயசு. நலந்தானா பாட்டு வருது. பத்மினி ஆட ஆரம்பிச்சாச்சு, சிவாஜி நாகஸ்வரத்தை எடுத்தாச்சு. டக்குனு சத்தம் நின்னுபோச்சு! படம் ஓடுது, சத்தம் இல்லை. சவுண்டு பல்பு போயிருச்சுன்னு பின்னால தெரிஞ்சுது. படச்சுருள் ஓரத்துல ஒலி ஒரு கோடா ஓடும். ஒரு சின்ன பல்பு வெளிச்சம் அது வழியாப் போனாத்தான் சத்தம் வரும். அந்தச் சுருளோட அகலம் 35 மில்லிமீட்டர், அதுல ஒலிக்குக் கொடுத்த இடம் 2.5 மில்லிமீட்டர். அண்ணே, உங்க கட்சி மொத்தமும் அந்த ஓரத்துக் கோட்டுலதான் இருக்கு!

கொட்டகையில ஒரே விசில். "ஏய், சவுண்டைப் போடுறா"ன்னு கத்தல். மணலை வாரி இறைக்கிறாங்க. என்ன நடந்துதுன்னே தெரியாம, கண்ணு கொட்டாமத் திரையைப் பார்த்துட்டு இருந்தது எங்க அப்பத்தா ஒருத்திதான். பக்கத்துல இருந்த பெரியாயி அவ தோளைத் தட்டி, கையை விரிச்சு, 'என்ன நடக்குது?'ன்னு சாடையில கேட்டா. அப்பத்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னா: "அவனுக்குக் கையில கத்தி பட்டுச்சுல்லத்தா, ஆறிருச்சான்னு கேக்குறா. அவன் வாயில குழல் இருக்கு, வாயைத் தொறக்க முடியலை. கண்ணால சொல்றான்."

பெரியாயி அதைப் பின்வரிசைக்குச் சொன்னா. பின்வரிசை அதுக்குப் பின்வரிசைக்குச் சொல்லுச்சு. விசில் அடங்கிப்போச்சு, நடுவர் அவர்களே! மறுபடியும் சொல்றேன், அண்ணன் காதுல நல்லா விழணும். காது நல்லாக் கேக்குற ஒரு கொட்டகை ஜனத்துக்கு, காது கேளாத ஒரு கிழவி படம் சொன்னா. கண்ணதாசன் எழுதின ஒரு சொல்லு, சுசீலா அம்மா பாடின ஒரு வரி அவளுக்குக் கேட்டதில்லை. 'உடலும் உள்ளமும் நலந்தானா'ன்னு கேக்குறாங்கன்னு பத்மினியோட புருவத்தைப் பார்த்துப் படிச்சா.

பராசக்தியில அருவி மாதிரிப் பேசினாரே, அதே சிவாஜிதான் இது. அந்த வாயை நாகஸ்வரத்தால அடைச்சு வெச்சாரு இயக்குநர் ஏ.பி. நாகராஜன். ஊதினது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜிக்கு விட்டது கன்னமும், கழுத்து நரம்பும், ரெண்டு கண்ணும் மட்டும். பக்கத்துல தவிலோட பாலையா உட்கார்ந்திருப்பாரு, அந்த முகத்தை ஒருதரம் பாருங்க. மூணு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலை. பேசியிருந்தா அந்தக் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

நம்ம முதல் பேசும்படம் 1931-ல வந்த காளிதாஸ். அதுல டி.பி. ராஜலட்சுமி தமிழ்ல பேசுவாங்க, கதாநாயகன் தெலுங்குல பதில் சொல்லுவாரு. ஜனங்க எழுந்தா போனாங்க? தங்கப்பதக்கத்துக்கு வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கின மகேந்திரன், தானே இயக்க வந்தப்போ வசனத்தைச் சுருக்கிட்டாரு. 1979-ல உதிரிப்பூக்கள். கடைசியில அந்த ஆறும், கரையில நிக்கிற ரெண்டு குழந்தைகளும்! அதை எந்த வசனத்துல எழுதுவீங்க? பாலு மகேந்திராவோட வீடு, 1988. பாட்டே கிடையாது. பாதி கட்டின வீட்டுக்குள்ள அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், தனியா வந்து சுவரைத் தடவிப் பார்ப்பாரு. குடிபோக அவர் இருக்க மாட்டாரு. சொந்தமா ஒரு சுவர் எழுப்ப ஆசைப்பட்ட எந்தக் குடும்பமும் அந்தக் கையை மறக்காது.

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம் கொடுங்கய்யா, இதைச் சொல்லிட்டு இறங்கிடறேன்.

எங்க அப்பத்தாவுக்குக் கடைசியில பேச்சும் போயிருச்சு. பக்கவாதம். அப்போ நான் வெளியூர்ல வேலையில இருந்தேன். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாலதான் எனக்கு ஒரு ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. கிழவி தாங்க மாட்டான்னு யாரும் அவகிட்ட சொல்லலை. ஆனா வீட்டுல எல்லார் முகத்தையும் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டிருக்கா. முகம் படிக்கிறவகிட்ட எதை மறைக்கிறது?

நார்க்கட்டில்ல கிடந்தா. நான் போயி பக்கத்துல உட்கார்ந்தேன். என் கையைப் பிடிச்சா. அவளுக்குக் காது இல்லை, வாய் இல்லை, ஒரு பக்கம் கை கால் இல்லை. என்னை மேலேருந்து கீழ வரைக்கும் ஒருதரம் பார்த்தா. பார்த்துட்டு ரெண்டு புருவத்தையும் லேசா உயர்த்தினா. பத்மினி உயர்த்தின மாதிரியே, நடுவர் அவர்களே.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சொன்னாலும் அவளுக்குக் கேக்காது. தலையை மட்டும் ஆட்டினேன். அவ கண்ணை மூடிக்கிட்டா, கையை விடலை.

அண்ணே, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியா இருக்கு. வாங்க. வணக்கம்.