வாளை உறைக்குத் திருப்பிய சொல்

பெரியோர்களே, அன்பான சகோதர சகோதரிகளே,

சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் யோனதாப் என்றொருவன் வருகிறான். தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமாரின்மேல் தகாத ஆசை கொண்டபோது, அவளைத் தன் அறைக்கு வரவழைக்க வழி சொல்லிக்கொடுத்தவன் இவன்தான். நம் தமிழ் வேதாகமம் இவனை 'மகா தந்திரவாதி' என்கிறது. எபிரேய மூலத்தில் அங்கே நிற்கிற சொல்லோ 'ஹாகாம்', அதாவது ஞானமுள்ளவன். அதே சொல்லின் பெண்பால் வடிவத்தை, ஏழு அதிகாரங்கள் கடந்து, ஒரு பட்டணத்தையே அழிவிலிருந்து காத்த ஒரு பெண்ணுக்கும் அந்தப் புத்தகம் கொடுக்கிறது. ஒருவனுடைய அறிவு ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைத்தது. ஒருத்தியின் அறிவு ஊரை வாழவைத்தது. இன்று நான் பேச வந்தது இந்த இரண்டாவது வகை அறிவைப் பற்றி.

அதை மிகத் தெளிவாகக் காட்டுகிறவள், சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் வரும் அபிகாயில். அவளுடைய கணவன் நாபாலுக்கு 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் இருந்தன. கர்மேல் என்ற ஊரில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாளில், இன்னும் அரசனாகாமல் தலைமறைவாய்த் திரிந்த தாவீது பத்து வாலிபரை அனுப்பிப் பணிவாக உணவு கேட்டான். "தாவீது என்பவன் யார்?" என்று நாபால் ஏளனம் செய்து அவர்களைத் திருப்பி அனுப்பினான். கேட்டவுடன் தாவீது 400 பேரோடு வாள் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். தன்னைக் கொல்லத் தேடிய அரசன் சவுலை முந்தின அதிகாரத்தில்தான் கையில் கிடைத்தும் விட்டுவிட்டவன், இங்கே ஒரு வேளை உணவுக்காக ஒரு வீட்டின் ஆண்மக்கள் அனைவரையும் வெட்டப் புறப்படுகிறான். நல்லவர்களும் அவமானப்படும்போது இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்பது இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

செய்தியை அபிகாயிலுக்குச் சொன்னது ஒரு வேலைக்காரன். தாவீதின் ஆட்கள் இரவும் பகலும் தங்களைச் சுற்றி மதிலாக இருந்தார்கள் என்றும், எஜமானிடத்திலோ ஒருவரும் பேச முடியாது என்றும் அவன் முறையிடுகிறான். நாபாலிடம் வாய் திறக்க முடியாதவன் அவளிடம் திறந்தான். அவளுடைய ஞானம் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் எண்ணுகிறேன். 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த பயறு, வற்றலான 100 திராட்சக் குலைகள், 200 அத்திப்பழ அடைகள் என்று விரைந்து கழுதைகளில் ஏற்றி, உணவை முன்னே போகவிட்டுத் தான் பின்னே போகிறாள்.

மலைச்சரிவின் மறைவில் இரு சாராரும் எதிர்ப்படுகிறார்கள். அவள் கழுதையை விட்டு இறங்கி, முகங்குப்புற விழுந்து, "இந்தப் பாதகம் என்மேல் சுமரட்டும்" என்கிறாள். தான் செய்யாத குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவளிடம் வாளை ஓங்க யாரால் முடியும்? அதன்பின் அவள் பேசியது நாபாலைப் பற்றி மிகக் குறைவு. பெரும்பகுதி தாவீதின் நாளையைப் பற்றியது. நீர் இஸ்ரவேலுக்குத் தலைவராகும் நாளில், வீணாக இரத்தம் சிந்திய துக்கமும் மன இடறலும் உமக்கு இருக்கக்கூடாது என்கிறாள். உம்முடைய சத்துருக்களின் பிராணனைக் கர்த்தர் கவணில் வைத்து எறிவார் என்கிறாள். கவண்கல்லால் கோலியாத்தை வீழ்த்தியவனுக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவன் பின்வாங்கினான் என்ற எண்ணமே அவனுக்கு வராதபடி அவனைப் பின்வாங்கச் செய்தாள். தாவீதும் அவளுடைய யோசனையை ஆசீர்வதித்தான்.

கோபத்தில் வருகிறவனுக்கு மரியாதையோடு திரும்பிப்போக ஒரு வழி வேண்டும். இஸ்ரவேலின் நியாயாதிபதியான கிதியோன் இதை அறிந்திருந்தான். போருக்கு எங்களை ஏன் அழைக்கவில்லை என்று இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்தாரான எப்பிராயீமர் சண்டைக்கு வந்தபோது, எங்கள் முழு அறுப்பைவிட உங்கள் மீதி அறுப்பு மேலானதல்லவா என்று அவன் சொன்ன ஒரே வாக்கியத்தில் அவர்கள் கோபம் அடங்கியது. இதே எப்பிராயீமர் இதே குறையோடு பின்னாளில் யெப்தா என்ற நியாயாதிபதியிடம் வந்தார்கள். அவன் வழக்காடினான், பிறகு படை திரட்டினான். 42,000 பேர் மாண்டார்கள்.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த சேபா ஆபேல் பெத்மாக்கா என்ற பட்டணத்துக்குள் புகுந்துகொண்டதால், தாவீதின் படைத்தலைவன் யோவாப் அந்தப் பட்டணத்துக்கு எதிராகக் கொத்தளம் போட்டு மதிலை இடிக்கத் தொடங்கினான். பட்டணத்தை நெருங்கும்போது முதலில் சமாதானம் கூறவேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. இங்கே அவன் அப்படிக் கூறியதாக ஒரு வரியும் இல்லை. அவனுக்குப் பதிலாக மதிலின்மேல் நின்று அவள் பேச்சைத் தொடங்கினாள். இஸ்ரவேலில் தாயாக விளங்கும் பட்டணத்தை ஏன் அழிக்கப் பார்க்கிறீர் என்று கேட்டாள். அழிப்பது தன் நோக்கமல்ல, ஒருவன்மட்டும் போதும் என்று யோவாப் இறங்கிவந்தான். அவள் உள்ளே போய் ஜனங்களோடு பேசினாள். சேபாவின் தலை மதிலுக்கு வெளியே வந்து விழுந்தது. இந்த முடிவு என்னை நடுங்கச் செய்கிறது. இதை அழகானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மதிலுக்குள் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். யோவாப் எக்காளம் ஊதினான். படை கலைந்து, அவரவர் தங்கள் கூடாரங்களுக்குப் போனார்கள். அவளுடைய பெயரைக்கூட வேதாகமம் எழுதிவைக்கவில்லை.