தகரத்தைத் தட்டி எடுத்த இசை

வணக்கம் நண்பர்களே. கீபோர்டை வைத்துச் செய்கிற பாட்டில் உயிர் இருக்காது, பொத்தானை அமுக்கினால் மெஷினே வாசித்துவிடும் என்று ரொம்ப காலமாக ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை எதிர்த்து வாதாடப் போவதில்லை. டெப்பெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் குழு எப்படி வேலை செய்தது என்று மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்குக் கிழக்கே, எஸ்ஸெக்ஸ் பக்கம் பேசில்டன் என்று ஓர் ஊர், போருக்குப் பிறகு அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரம். 1980இல் அங்கே நாலு பையன்கள் சேர்ந்தார்கள்: வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர், பாடுவதற்கு டேவ் கஹான். கோருக்கு வங்கியில் வேலை, ஃப்ளெட்சருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில். டிரம்ஸ் வைத்திருந்தால் ஏற்றி இறக்க வேன் வேண்டும், மின்னணு முறையில் சத்தம் உண்டாக்கும் கீபோர்டான சிந்தசைசர் என்றால் கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். அப்படித்தான் கச்சேரிகளுக்குப் போய்வந்தார்கள். மியூட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய டேனியல் மில்லர் இவர்களைப் பிடித்துப்போட்டார், ஒப்பந்தப் பத்திரம்கூடக் கிடையாது, கைகுலுக்கலோடு சரி.

1981இல் முதல் ஆல்பம் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’. அதிலுள்ள ‘ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்’ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டாவது இடம் வரை போனது. அந்தக் கையோடு, பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிய கிளார்க் விலகிவிட்டார்! (அவர் வீணாய்ப் போகவில்லை, யாசூ, இரேஷர் என்ற குழுக்களில் அடுத்தடுத்து ஜெயித்தார்.) மிச்சப்பேர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள், 21 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று. 22 வயது ஆலன் வைல்டர் வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்துகொண்டார். என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் கதை உண்மையில் அந்தப் பொய்யில்தான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் முறையாகப் பியானோ கற்றவர் அவர், ஒரு சத்தத்துக்காக நாள் முழுக்க உட்காரும் பொறுமையும் அவரிடம்தான் இருந்தது.

1983இல் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்’ ஆல்பம் பதிவானது லண்டனில் ஷோர்டிச் பகுதியில். இன்றைக்கு அங்கே காபிக் கடைகளாக இருக்கிறது, அப்போது பாழடைந்த பட்டறைகளும் இடிந்த கட்டடங்களும்தான். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி, கண்ணில் பட்ட தகரத்தையும் குழாயையும் தட்டிப் பதிவுசெய்து, அதை சாம்ப்ளரில், அதாவது பதிவான சத்தத்தை வாத்தியம்போல வாசிக்கவைக்கும் கருவியில், ஏற்றிக் கீபோர்டில் வாசித்தார்கள். ‘பைப்லைன்’ என்ற பாட்டு அப்படிப் பொறுக்கிவந்த சத்தங்களாலேயே ஆனது. குரலைக்கூட ஒரு ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் நின்று பாடிப் பதிந்தார்கள், நடுவே ரயில் போகிற சத்தமும் விழுந்திருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இதில் பொத்தான் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்புறம் வளர்ச்சிதான். 1988 ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவில் பாசடீனா ரோஸ் பவுல் மைதானத்தில் சுமார் 60,000 பேர், அந்தச் சுற்றுப்பயணத்தின் 101ஆவது கச்சேரி. அமெரிக்க வானொலிகள் ராக் இசையையே போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1990இல் ‘வயலேட்டர்’ ஆல்பம். ‘பர்சனல் ஜீசஸ்’ பாட்டில் தடதடவென்று ஒரு தாளம் வருமே, அது கருவிகள் வைக்கும் பெட்டிகள்மேல் ஆட்கள் ஏறிக் குதித்த சத்தம். ‘என்ஜாய் த சைலன்ஸ்’ கதை இன்னும் நல்லது. கோர் அதைக் கொண்டுவந்தபோது ஹார்மோனியம் வைத்து மெதுவாகப் பாடிய சோகப்பாட்டு. வைல்டருக்கும் தயாரிப்பாளர் ஃப்ளட்டுக்கும் அதை வேகமாக்கி நடனத் தாளத்தில் போடலாம் என்று தோன்றியது, கோருக்கு முதலில் பிடிக்கவே இல்லை, அமைதியைப் பற்றிய பாட்டுக்கு எதற்கு இத்தனை வேகம் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் தாளம் ஓடத் தொடங்கியதும் அவரே கிட்டாரில் அந்த ஒரு வரியை வாசித்தார், அதுதான் இன்று உலகம் முழுக்க முணுமுணுக்கிற வரி. சோகம் போகவில்லை, ஓட ஆரம்பித்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் எட்டாம் இடம்.

பிறகு விலை கொடுத்தார்கள். 1995இல் வைல்டர் விலகினார். 1996இல் கஹான் போதைமருந்து அதிகமாகி, இதயம் இரண்டு நிமிடம் நின்றுபோய், பிழைத்துவந்தார். 2022இல் ஃப்ளெட்சர் காலமானார், கோரும் கஹானும் மட்டுமாக 2023இல் ‘மெமென்டோ மோரி’யை வெளியிட்டார்கள். நல்ல ஆல்பம், கஹானின் குரல் வயதாக ஆக ஆழமாகியிருக்கிறது. ஆனால் வைல்டர் போனபிறகு வந்த எதிலும், கட்டடத்துக்குள் நின்று யாரோ இரும்பைத் தட்டுகிற அந்த அதிர்வு எனக்குக் கிடைக்கவில்லை. ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், கேள்வி நேரத்தில் வாருங்கள்.