ஒரு டியூப் ரத்தத்துல முடக்கு வாதம் தெரிஞ்சிடுமா? - நேயர் கேள்வி

பெரம்பூர்லேந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அம்மாவுக்கு ரெண்டு மாசமா கைவிரல் வீக்கம், காலைல எழுந்தா விரல் மடங்கவே மாட்டேங்குது, முடக்கு வாதத்துக்கு பாக்கற ஆர்ஏ ஃபேக்டர் ரத்த டெஸ்ட் எடுத்தோம் நெகட்டிவ், இப்ப மெட்டபாலிக் மார்க்கர்னு ஏதோ ரத்தத்துல பாக்கறாங்களாமே, அத சென்னைல எங்க சார் எடுக்கறதுன்னு. நேத்து படுத்தப்புறமும் இந்த கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

மெட்டபாலிக் மார்க்கர்னா, செல்லுங்க வேலை செய்யறப்ப உண்டாகற பொருளுங்க ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு பாத்து நோய புடிக்கறது. மூட்டுக்குள்ள அழற்சி வந்தா அங்க இருக்கற செல்லுங்க சர்க்கரைய கண்டபடி எரிக்கும், ஆக்சிஜன் பத்தாது, அதனால லாக்டேட், சக்சினேட்னு எரிச்ச மிச்சம் சேரும், டிரிப்டோஃபேன்னு ஒரு அமினோ ஆசிட் கொறையலாம். இதோட சாயல் ரத்தத்துலயும் கொஞ்சம் விழும். மண்டபத்துக்கு பின்னாடி கெடக்கற எச்ச எலைய பாத்தே பந்தில என்ன போட்டாங்கன்னு சொல்லிடலாம்ல, அந்த கதைதான். என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரின்னு மெஷின்ல போட்டு ஒரே சாம்பிள்ல ஏகப்பட்ட பொருள அளப்பாங்க.

ஐடியா ஒண்ணும் புதுசு இல்லீங்க. 1848லயே லண்டன்ல ஆல்ஃப்ரெட் கேராட்னு ஒரு டாக்டர், கவுட்னு மூட்டு திடீர்னு வீங்கி வலிக்கற நோய் வந்தவங்க ரத்தத்துல யூரிக் ஆசிட் ஜாஸ்தியா இருக்குன்னு காமிச்சாரு. அப்புறம் ரத்தம் ஒறைஞ்சப்புறம் மேல நிக்கற தண்ணி, அதான் சீரம், அதுல அசிட்டிக் ஆசிட் விட்டு, ஒரு நூல போட்டு வச்சா அதுல யூரிக் ஆசிட் படிகம் படிகமா ஒட்டும், மெஷினே கெடையாது, வெறும் நூலு! ஆனா அந்த யூரிக் ஆசிட்டே இன்னிக்கும் ஏமாத்துது, ஜாஸ்தியா இருக்கற நெறைய பேருக்கு கவுட் வரதே இல்ல, கவுட் வலில துடிக்கறவருக்கு அன்னிக்கு பாத்தா நார்மல்னு வரும். பழைய வீடியோ பாத்தவங்களுக்கு தெரியும் நான் என்ன சொல்ல வரேன்னு: ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்காதீங்க, ஆளுக்கு பாருங்க.

இப்ப லாக்டேட்டுக்கு வாங்க, எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இது. ரத்தத்த எடுத்து டியூப்ல வச்சுட்டா அதோட முடிஞ்சுதுன்னு நெனைக்கறோம், இல்ல, உள்ள சிவப்பணு உயிரோடதான் இருக்கு, அது சர்க்கரைய தின்னுட்டு லாக்டேட்ட வெளிய தள்ளிட்டே இருக்கும். லேப் பையன் வீட்ல வந்து ரத்தம் எடுத்துட்டு, பைக்ல மே மாச வெயில்ல அண்ணா நகர் வேளச்சேரின்னு சுத்திட்டு லேபுக்கு போனா, லாக்டேட் ஏறியிருக்கும், அது அம்மாவோட மூட்டுலேந்து வந்துதா டியூப்லேந்து வந்துதா? சுகருக்கு க்ரே மூடி டியூப்ல ஃப்ளோரைடு போட்டு எடுக்கறதே இதுக்காகத்தான். அதே மாதிரி காபி. காலைல ஒரு டிகிரி காபி உள்ள போனா ஹிப்புரேட்னு ஒண்ணு ஏறும், அதையும் மெஷின் கரெக்டா புடிச்சிடும். ஆராய்ச்சில பாத்த நோயாளிங்கள்லாம் 50 வயசு, மாத்திரை சாப்பிடறவங்க, ஒப்பிடறதுக்கு எடுத்த ஆளுங்க காலேஜ் பசங்கன்னா, வித்தியாசம் பளிச்சுனு வரும், ஆனா புடிச்சது நோய இல்ல, வயச, மாத்திரைய. அதனால ஒரு ஊர்ல நல்லா வந்த மார்க்கர் இன்னொரு ஊர்ல தேறுதான்னு பாக்காம நம்பக்கூடாது. இன்னிக்கு தேதிக்கு முடக்கு வாதத்துக்கு டாக்டருங்க வழக்கமா எழுதற டெஸ்ட்ல இது கெடையாது தம்பி, யாராவது பேக்கேஜ்னு வித்தா காச குடுக்காதீங்க.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னா நோய் இல்லன்னு அர்த்தமா? இல்லவே இல்ல. முடக்கு வாதம் இருக்கறவங்கள்லயே நூத்துக்கு 20, 30 பேருக்கு நெகட்டிவ் வரலாம். நோயே இல்லாத வயசானவங்கள்ல சிலருக்கு பாசிட்டிவ் வரும். ஆன்டி சிசிபின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க, அது இன்னும் கொஞ்சம் நம்பகமானது, அதுவும் நெகட்டிவா வரலாம். 2010ல அமெரிக்கா, ஐரோப்பா மூட்டு நோய் டாக்டருங்க சேந்து ஒரு மார்க் முறை போட்டாங்க, மொத்தம் 10, அதுல 6 வந்தா முடக்கு வாதம்னு வகைப்படுத்தலாம். எத்தன மூட்டு, சின்ன மூட்டாங்கறதுக்கு 5 மார்க் வரைக்கும். ஆர்ஏ ஃபேக்டர், சிசிபி ரெண்டுக்கும் சேத்தே 3தான். ஈஎஸ்ஆர், சிஆர்பின்னு அழற்சிய காட்டற ரத்த டெஸ்டுக்கு 1, தொந்தரவு வந்து ஆறு வாரம் ஆயிடுச்சுன்னா 1. பாத்தீங்களா, அங்கயும் ஆளுக்குத்தான் மார்க் ஜாஸ்தி!

அம்மாவுக்கு அதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துதான்னும் யோசிங்க, சிக்குன்குனியா வந்து போனா மாசக்கணக்குல இதே மாதிரி வீங்கும், 2006ல ஊரே நொண்டிச்சே. எப்படியிருந்தாலும் ரெண்டு மாசம் ஆச்சு, தள்ளிப்போடாதீங்க, ஆரம்பத்துலயே மாத்திரை ஆரம்பிச்சாதான் எலும்பு அரிக்கறத தடுக்க முடியும். சென்ட்ரலுக்கு எதிர்ல ஜிஎச்லயே மூட்டு நோய்க்குன்னு தனி டிபார்ட்மெண்ட் இருக்கு. போறதுக்கு முன்னாடி, காலைல விரல் மடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க, வீக்கத்த அப்பப்ப போன்ல போட்டோ எடுங்க, ஏன்னா டாக்டர பாக்கற அன்னிக்குன்னு பாத்து வத்திடும். ம், அடுத்தது முடக்கு வாதத்துக்கு குடுக்கற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை ஏன் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க...