முதல் மணியிலிருந்து பின்னோக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

குடியிருப்போர் சங்கம், ஓய்வூதியர் மன்றம், பழைய மாணவர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் நீங்கள் உறுப்பினராக இருப்பீர்கள். அவ்வப்போது ஒரு கூட்டுச் சாப்பாடு, வருஷத்தில் நாலைந்து நாடகம், நவராத்திரிக்கோ பொங்கலுக்கோ கும்மி, கோலாட்டம். பெரும்பாலான மன்றங்களில் இதுதான் வழக்கம். சந்தா கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் எல்லாம் தானாக நடப்பது மாதிரி இருக்கும். நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு, நாடகம், ஆட்டம் மூன்றுக்கும் சமமாகப் பிரித்துத்தான் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். நேரம் எப்படிப் போகிறது பார்ப்போம்.

ஒரு விஷயத்தை இன்று இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாடகத்துக்குக் கூட்டிப் போகிற நாளில் கணக்கை முதல் மணியிலிருந்து, அதாவது நாடகம் தொடங்கப்போகிறது என்று அரங்கில் அடிக்கிற மணியிலிருந்து, பின்னோக்கிப் போட வேண்டும். "நாலு மணிக்குக் கூடுவோம், டிபன் சாப்பிடுவோம், அப்புறம் கிளம்புவோம்" என்று முன்னோக்கிப் போட்டால், திரை தூக்கி இருபது நிமிஷம் கழித்து இருட்டில் தடவிக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான்.

சென்னை என்றே வைத்துக்கொள்வோம். 45 பேர், 25 இருக்கை வண்டி இரண்டு, நாடகம் ராத்திரி 7 மணிக்கு. முதல் மணி அடிக்கும்போது, 6.40-க்கு என்று வையுங்கள், எல்லோரும் இருக்கையில் இருக்க வேண்டும். அப்படியானால் 6.30-க்கு வாசலில் இறங்க வேண்டும். மாலை நேரப் போக்குவரத்துக்கு முக்கால் மணி வைத்தால் வண்டி 5.45-க்குப் புறப்பட வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் படியேறி உட்கார்ந்து, தலை எண்ணி முடிக்கக் கால் மணி, ஆக 5.30. அதற்கு முன்னால் கழிவறைக்கு ஒரு கால் மணி, 5.15. டிபனும் காபியும் முக்கால் மணி. அப்படியானால் தட்டில் டிபன் விழ வேண்டிய நேரம் 4.30. நோட்டீஸில் 4.15 என்று போடுங்கள். 7 மணி நாடகத்துக்கு 4.15-ஆ என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"டிபன் எதற்கு, இலை போட்டுச் சாப்பாடே போட்டுவிடலாமே" என்று ஒருவர் நிச்சயம் எழுந்து கேட்பார். போடலாம், நேரம் இருந்தால். 100 பேர் சாப்பாடு என்றால் 50 பேராக இரண்டு பந்தி. ஒரு பந்திக்கு 35 நிமிஷம். இலை எடுத்து, மேஜை துடைத்து, மறுபடி இலை போட்டு, தண்ணீர் வைக்கக் கால் மணி. அடுத்த பந்திக்கு இன்னொரு 35. கை கழுவி வெற்றிலை போடுவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி ஓடிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏ.சி. அரங்கில் உட்கார்ந்தால் இரண்டாவது காட்சியில் பாதிப் பேர் தூங்குவார்கள். மேடையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். அதனால் சாப்பாடு என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம், தனியாக. நாடக நாளில் முன்னால் டிபன், பின்னால் தயிர்சாதம், அவ்வளவுதான்.

பந்தி என்று சொல்லிவிட்டேன், அதைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். எனக்குப் பிடித்த விஷயம்.

100 பேருக்கு எவ்வளவு அரிசி? கல்யாணக் கணக்கில் சமையல் மாஸ்டர் 12 கிலோ என்பார். வயதானவர்கள் நிறைய இருக்கிற மன்றத்துக்கு அது அதிகம். கிலோவுக்குப் பத்துப் பேர், ஆக 10 கிலோ போதும். அதையும் ஒரே தடவையில் வடிக்கக் கூடாது. முதல் ஈடு 6 கிலோ. முதல் பந்தியில் ரசத்துக்குச் சோறு கேட்கும்போது அண்டாவை எட்டிப் பாருங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது ஈட்டின் அளவைச் சொல்ல வேண்டும். உலை மட்டும் முன்னாலேயே கொதித்துக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டாம் பந்தி காத்திருக்க வேண்டிவரும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, ரசத்துக்கு 1 கிலோ. பொரியலுக்குக் காய் நறுக்கிய பிறகு 8 கிலோ இருக்க வேண்டும். வாங்கும்போது 8 கிலோ வாங்கினால் பத்தாது. வாழைப்பூ, அவரை எல்லாம் ஆய்ந்த பிறகு எடை நன்றாகக் குறைந்துவிடும். பாயசத்துக்குப் பால் 10 லிட்டர், சேமியா 1 கிலோ, சர்க்கரை 2 கிலோ. சேமியா இறக்கிய பிறகும் பாலை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாம் பந்திக்கு முன்னால் ஊற்றுவதற்கென்று அந்தப் பத்திலேயே 2 லிட்டரைக் காய்ச்சித் தனியாக வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் இரண்டாம் பந்திக்குக் கிடைப்பது பாயசமாக இருக்காது, பொங்கலாக இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் பந்தி கெட்டுப்போவது உண்டு. காரணம் பரிமாறுகிற வரிசை. பத்துப் பன்னிரண்டு இலைக்கு ஒரு ஆள் வேண்டும். சோற்றுக்காரர் வேகமாகப் போய்விடுவார், சாம்பார் வாளி எங்கேயோ பின்னால் வரும். வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் சோறு ஆறிவிடும், சாப்பிடுகிறவர் முகமும் மாறிவிடும். சோற்றுக்காரருக்கும் சாம்பார்க்காரருக்கும் நடுவே மூன்று இலைக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இலையைக் கழுவித் தண்ணீரை உதறிவிட்டுப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் உப்பு கரைந்து ஊறுகாயோடு ஓடிவிடும். ஆளுக்கு இரண்டடி இடம் கொடுங்கள். ஆறடி மேஜைக்கு மூன்று பேர், அதுவும் ஒரு பக்கம் மட்டும். எதிர்ப்பக்கமும் ஆளை உட்காரவைத்தால் பரிமாறுகிறவர் தோளுக்கு மேலே கரண்டியை நீட்டுவார், சட்டையில் சாம்பார் விழும்.

அப்புறம், பந்தி விசாரிப்பு. இப்போதெல்லாம் இதைக் கேட்டரிங்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். கூடாது என்பேன். மன்றத்து ஆள் ஒருவர், கையில் கரண்டி இல்லாமல், வரிசையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கரண்டி பிடித்தவர் தன் வாளியைத்தான் பார்ப்பார். சும்மா நடக்கிறவர்தான் இலையைப் பார்ப்பார். யாருக்குப் பல் இல்லை, யாருக்குச் சோறு குழைய வேண்டும், யார் கேட்கக் கூச்சப்படுகிறார், யாருக்கு மோர் வரவில்லை என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் படும். "என்னண்ணா, ரசம் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லட்டுமா" என்று ஒரு வார்த்தை. தனியாக இருக்கிற உறுப்பினர்கள் மாதா மாதம் வருவது சாம்பாருக்காகவா, இந்த வார்த்தைக்காகவா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சரி, டிபனுக்கு வருகிறேன். 4.30-க்கு ரவா கிச்சடி, வடை, காபி. 45 பேருக்கு ரவை 3 கிலோ தாராளம். கிச்சடியை 4.15-க்கு முன்னால் இறக்கினால் கட்டிதட்டிப் போகும். வடைக்குக் கிலோ உளுந்துக்கு நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவில் உப்பைத் தட்டப்போகும்போதுதான் சேர்க்க வேண்டும். அரைக்கும்போதே போட்டு வைத்தால் மாவு நீர்த்து எண்ணெய் குடிக்கும். காபிக்கு அரைக் கிலோ பொடி, நாலரை லிட்டர் பால். டிகாக்ஷனை 3 மணிக்கே இறக்கி வையுங்கள். ஆறிவிட்டதே என்று அடுப்பில் நேராக வைத்தால் கசக்கும், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடு பண்ணுங்கள். காபி 5.15-க்குப் பிறகு கிடையாது என்று கண்டிப்பாக இருங்கள். கிளம்புகிற அவசரத்தில் குடித்த காபி முதல் பாதியிலேயே எழுந்து போகவைக்கும். இடைவேளைக் கழிவறை வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு டிபன் நேரம் தவறவே கூடாது. மருந்து போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். இரண்டு வண்டியிலும் ஒரு டப்பா சர்க்கரையும் தண்ணீரும் இருக்கட்டும். மறுபடி சொல்கிறேன், முதல் மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இந்தக் கவலையே வராது.

நாடகம் முடிந்து வந்த பிறகு தயிர்சாதம். 45 பேருக்கு 3 கிலோ அரிசியைக் குழைய வடித்து, கைச்சூடு வந்ததும் 5 லிட்டர் காய்ச்சிய பாலை விட்டுப் பிசைந்து, அரை லிட்டர் தயிரை மட்டும் கலக்க வேண்டும். சாயங்காலம் 5 மணிக்கு இப்படிக் கலந்தால் ராத்திரி 10 மணிக்குப் பதமாக இருக்கும். முழுக்கத் தயிர் விட்டால் புளித்துவிடும், சாதம் சூடாக இருக்கும்போது கலந்தாலும் புளித்துவிடும்.

இனி நாடகம். மன்றமும் நாடகமும் சேர்ந்து போவது புதிதில்லை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகம் போடுவதற்காகவே படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் கூடிய சபை அது. சம்பந்த முதலியார் பின்னால் நீதிபதியாகவும் இருந்தார், பெண் வேஷமும் ஆண்களே கட்டிய காலம். அந்தச் சபை நாளடைவில் ஒரு சமூக மன்றமாகவே ஆகிவிட்டது. இப்போது நாம் பார்க்கும் சபா நாடகத்துக்கு வேர் அங்கேதான்.

நாடகத்துக்குக் கூட்டிப் போவதில் இரண்டு விஷயம். முதலாவது, இருக்கை. 45 பேருக்கு ஒரே நீள வரிசையாக வாங்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நாலு வரிசையில் துண்டாக, நடைவழி ஓரத்தை ஒட்டி வாங்குங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓர இருக்கை, காது மந்தமானவர்களுக்கு நடு இருக்கை. முன்வரிசை கௌரவம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே உட்கார்ந்தால் கழுத்தை நிமிர்த்தியே பார்க்க வேண்டும். சபா நாடகத்தில் பல இடங்களில் மைக் மேலேயிருந்து தொங்கும். நடிகர் அதற்கு நேரே நின்று பேசினால் தெளிவாகக் கேட்கும், ஓரம் போனாலோ திரும்பிப் பேசினாலோ குரல் அமுங்கிவிடும். ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரைக்கும், நடுவில், அதுதான் நல்ல இடம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காரவைத்தால் மறுநாள் வரை திட்டுவார்கள்.

இரண்டாவது, வண்டிக்காரரிடம் திரும்புகிற நேரம் சொல்வதற்கு முன்னால் அமைப்பாளர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: அன்றைக்குப் பாராட்டு விழா உண்டா? நாடகம் இரண்டு மணி நேரம்தான். ஆனால் நூறாவது காட்சி, தொடக்கக் காட்சி என்றால் நடுவே பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் வரும். அரை மணி கூடும். வாழ்த்துரை சுருக்கமாக இருக்கும் என்று அவர்கள் சொன்னாலும் அரை மணியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது தலை எண்ணுவது வண்டிக்குள்ளே நடக்க வேண்டும், வாசலில் வேண்டாம். வாசலில் ஒருவர் பூ வாங்கப் போயிருப்பார், ஒருவர் நடிகரோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார். ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் அந்த ஐந்து பேர் தொலைபேசி எண். போன வண்டியிலேயே திரும்ப வேண்டும், வண்டி மாறக் கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் எண்ணிக்கை குழம்பிவிடும்.

கூத்துப் பார்க்கவும் சில மன்றங்கள் போகின்றன, நல்ல விஷயம். செய்யாறு பக்கம் புரிசை போன்ற ஊர்க்காரர்களின் தெருக்கூத்து, கோடையில் மகாபாரதக் கதையை வைத்துப் பாரத விழா நடக்கும் வட மாவட்டக் கிராமங்கள். அங்கே என்னுடைய முதல் மணிக் கணக்கு செல்லாது. ராத்திரி 10 மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை வரை போகும். உங்களுக்காக யாரும் சுருக்கவும் மாட்டார்கள். ஜமுக்காளம், போர்வை, டார்ச், பிளாஸ்க்கில் சுக்குக் காபி எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இரண்டாகவே இருக்கட்டும். ஒன்று 1 மணிக்குத் திரும்ப, ஒன்று விடிய விடியப் பார்க்கிறவர்களுக்கு. ஒரே வண்டி என்றால் தூக்கம் வந்தவர் எல்லோரையும் கிளப்பிவிடுவார்.

ஆட்டத்துக்கு வருகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், மூன்று நிமிஷமாம். கும்மியை விட்டுவிடுகிறேன், அது உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: பாட்டை எடுக்கிறவர் சுருதியைத் தாழ்த்தி எடுக்கட்டும். வேகம் கூடும்போது குரல் தானாக ஏறும், தாழ்த்தி எடுக்காவிட்டால் உச்சியில் எட்டாது.

கோலாட்டத்துக்கு ஆள் இரட்டைப்படையில் வேண்டும். கடைசி நிமிஷத்தில் ஒருவர் வராமல் போவார், இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த ஒருவரைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வழவழ டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஆட விடாதீர்கள், வெறுங்கால்தான்.

அடுத்தது பின்னல் கோலாட்டம், மேலே வளையத்தில் கட்டிய கயிறுகளை ஆடிக்கொண்டே பின்னி அவிழ்க்கிற ஆட்டம், அதைப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு. பின்னல் எப்படி என்று படம் போடாமல் சொல்ல முடியாது, தெரிந்தவரிடம் பாருங்கள். ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன். எட்டுப் பேரோடு தொடங்குங்கள். வளையம் 10 அடி உயரத்தில் என்றால் கயிறு 12 அடி. குறைந்தால் பின்னல் ஏற ஏற வட்டம் சுருங்கி, கோல் அடுத்தவர் முகத்தில் படும். நைலான் வழுக்கும், பருத்தி நாடா வாங்குங்கள். வலமாகப் போகிற நாலு பேருக்கு ஒரு நிறம், இடமாகப் போகிறவர்களுக்கு வேறு நிறம், அவ்வளவுதான். எட்டு நிறம் வாங்கினால் பார்க்க அழகு, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. பின்னும்போது விட்ட தப்பு அப்போது தெரியாது, அவிழ்க்கும்போதுதான் முடிச்சு விழும். எத்தனை சுற்றுப் பின்னினீர்களோ அத்தனை சுற்றுத் திரும்ப வேண்டும். அதை எண்ண வெளியே ஒருவரை நிறுத்துங்கள், ஆடுகிறவர்களால் எண்ண முடியாது. முடிச்சு விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள், இழுத்தால் இறுகும். எல்லோரும் அப்படியே நின்று, ஒருவர் மட்டும்...

மணி அடித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கோலை விட்டுவிட்டு நடுவே போய்க் கையால் எடுத்துவிட வேண்டும். வணக்கம்.